பழைய மாருதி 800க்கு ஃபாக் லைட்: முதல் நாள் பேட்டரிகிட்டயே முடிஞ்சுது

மழ ராத்திரியில முட்டம் ரோட்டுல ரெண்டு மூணு தடவ தடுமாறுன பெறகுதான் ஃபாக் லைட் போட்டே ஆகணும்னு முடிவு பண்ணுனேன். ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு வந்து பானெட்ட தொறந்தா பாசிட்டிவ் டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பொடி பூத்து கெடக்கு. சரி இத கழத்தி தொடச்சிட்டு ஆரம்பிப்போம்னு பத்தாம் நம்பர் ஸ்பேனர நேரா பாசிட்டிவ்ல போட்டு திருப்புனேன், மறுமுன பாடியில பட்டுச்சு, டப்புன்னு ஒரு வெளிச்சம், ஸ்பேனர் நுனியில அரிசி அளவுக்கு உருகிப் போச்சு.

சத்தம் கேட்டு பக்கத்து வீட்டு மாமா வந்தாரு, முப்பது வருஷம் வண்டி வயரிங் பாத்த கை. "லேய் மக்கா, நெகட்டிவ் கெடக்கும்போ யாருல பாசிட்டிவ்ல கை வைக்க சொன்னா? அந்த மோதிரத்த மொதல்ல கழத்து!"

விஷயம் என்னன்னா வண்டி பாடி முழுக்க நெகட்டிவ்தான், அதனால பாசிட்டிவ்ல இருக்க ஸ்பேனர் எங்க தொட்டாலும் ஷார்ட். நெகட்டிவ மொதல்ல கழத்திட்டா பாடிக்கும் பேட்டரிக்கும் தொடர்பே இல்ல, அப்புறம் ஸ்பேனர் பட்டாலும் ஒண்ணும் ஆகாது. மாட்டும்போ தலகீழ், பாசிட்டிவ் மொதல்ல, நெகட்டிவ் கடைசி. 12 வோல்ட்தானேன்னு நான் அலட்சியமா இருந்தேன், ஷாக் அடிக்காதுங்கறது சரிதான், ஆனா ஷார்ட் ஆனா நூத்துக்கணக்குல ஆம்பியர் பாயும், நடுவுல மாட்டுறது மோதிரம்னா அது பழுத்து வெரலயே சுட்டுரும். கல்யாண மோதிரம் சோப்பு போட்டும் லேசுல வரல, அது வேற கத.

பொறவு நெகட்டிவ கழத்தி, அது தானா போய் தொடாம இருக்க பழைய சைக்கிள் டியூப் துண்ட சுத்தி வச்சேன். பொடிய தொடைக்க அடுக்களையில இருந்து ஆப்ப சோடா எடுத்து சுடுதண்ணியில கரச்சு ஊத்துனா நொர பொங்கிச்சு. மூடி ஓட்ட வழியா உள்ள எறங்காம பாத்துக்கணும், எறங்குனா ஆசிட் கெட்டுரும். கண்ணாடியும் கையுறையும் போட்டுதான் செஞ்சேன், ஆசிட் பட்ட பேண்ட் ரெண்டு ஏற்கனவே ஓட்டையா கெடக்கு.

பேட்டரியில மீட்டர் வச்சா 12.2 வோல்ட் காட்டுச்சு, முழு சார்ஜ்னா 12.6 கிட்ட நிக்கணும். வராந்தாவுல காத்தோட்டமா வச்சு சார்ஜ் போட்டேன், சார்ஜ் ஆகும்போ ஹைட்ரஜன் வரும், காத்துல 4 சதவீதம் கலந்தாலே தீப்பொறி பட்டா வெடிக்கும். மாமா பீடிய பத்த வைக்க வந்தாரு, நான் "மாமா!"ன்னேன், அவரே சிரிச்சிட்டு முத்தத்துக்கு போயிட்டாரு. கிளிப்ப எடுக்குறதுக்கு முன்ன சார்ஜர் சுவிட்ச அணைக்கணும்.

லைட் ரெண்டும் 55 வாட், சேந்து ஒம்பது ஆம்பியர் சில்லற, அதனால 15 ஆம்பியர் ஃபியூஸ், அதுவும் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள. ஃபியூஸ் தள்ளி இருந்தா அதுவரைக்கும் உள்ள வயருக்கு காவலே இல்ல. ரிலே, அதாவது சின்ன சுவிட்ச வச்சு லைட்டோட பெரிய கரண்ட போட்டு அணைக்கிற பெட்டி, அது அடுத்த ஞாயிறு.

எல்லாத்தையும் மாட்டி சாவி திருப்புனா வண்டி ஒரே அடியில ஸ்டார்ட் ஆயிருச்சு, பேட்டரிய கழத்துனதுல ஸ்டீரியோதான் கடிகாரம் 12:00ல நின்னு நாகர்கோவில் எஃப்எம்ம மறந்துட்டு கரகரன்னுது.