அப்பத்தா பாட்டு இருந்த ஹார்ட் டிஸ்க்

எங்கள் அப்பத்தா 2017இல் இறந்தார். அதற்கு மூன்று வருடம் முன்பு, மானாமதுரைக்குப் பக்கத்து ஊர் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, அவர் பாடிய நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் சின்ன வாய்ஸ் ரெக்கார்டரில் பதிந்தேன். மொத்தம் 23 எம்பி3 ஃபைல்கள். அவை இருந்தது ஒரே ஒரு 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில்தான். வேறு காப்பி கிடையாது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது திறக்கவில்லை.

விண்டோஸில் செருகினால் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டது. பதற்றத்தில் கேபிளை மாற்றி, போர்ட்டை மாற்றி, ஐந்தாறு முறை செருகிப் பார்த்துவிட்டேன். அதைச் செய்திருக்கக் கூடாது. நோயில் விழுந்த டிஸ்க் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அதன் மிச்ச ஆயுளிலிருந்து போவதுதான். ஃபார்மேட்டுக்குச் சரி என்று சொல்லாததும், விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் என்ற டிஸ்க் சோதனைக் கருவியை ஓட்டாததும் என் நல்ல நேரம். பலரும் முதலில் செக்டிஸ்க்கைத்தான் ஓட்டச் சொல்வார்கள். அதன் வேலை ஃபைல் சிஸ்டத்தின் கணக்கை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பதிவை, நேராக்குவது; நம் ஃபைலைக் காப்பாற்றுவது அல்ல. அதற்காகச் சாகக் கிடக்கும் டிஸ்க்கிலேயே எழுதவும் செய்யும்.

அப்புறம் டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டேன். டக் டக் என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் ஹெட், அதாவது உள்ளே சுழலும் தட்டைப் படிக்கும் முனை, போய்விட்டது என்று அர்த்தம். அப்படியானால் மின்சாரமே கொடுக்காமல், தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு லேபுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். என்னுடையதில் சீராகச் சுழலும் சத்தம் மட்டும் இருந்தது.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு சர்வீஸ் கடைக்காரரிடம் காட்டினேன். மேலுறையைக் கழற்றி உள்ளே இருந்த பலகையைக் காட்டினார். யூஎஸ்பி போர்ட் அதிலேயே பற்றவைத்து வந்திருந்தது; கழற்றி, கணினிக்குள் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளில் நேராக மாட்ட வழியில்லை. "சத்தம் இல்ல சார், அப்ப முதல்ல முழு டிஸ்க்கையும் இமேஜ் எடுங்க. ஃபைலைத் தேடிப் போகாதீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஃபைலைத் திறந்து திறந்து பார்த்தால் ஹெட் அங்குமிங்கும் ஓடிக் கெட்ட இடத்திலேயே முட்டும். இமேஜ் என்றால் டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் (தகவல் எழுதப்படும் சின்னக் கட்டம்) வரிசையாக அப்படியே வேறு டிஸ்க்குக்கு நகலெடுப்பது. அப்புறம் என்ன தேடினாலும் நகலில்தான்.

புதிதாக 2 டிபி டிஸ்க் ஒன்று வாங்கினேன். விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி லேப்டாப்பை அதிலிருந்து கிளப்பி, டிஸ்க் தானாக மவுன்ட் ஆவதை, அதாவது செருகியதும் திறந்துகொள்வதை, நிறுத்திவிட்டு, டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தேன். 197ஆம் எண், அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், 2,416 என்றது. அது பூஜ்யமாக இருக்க வேண்டிய எண்.

இமேஜ் எடுக்க டிடிரெஸ்க்யூ. இலவச மென்பொருள். சாதாரணக் காப்பி கெட்ட செக்டரில் முட்டினால் அங்கேயே நின்றுவிடும். இது அதைக் குறித்துக்கொண்டு தாண்டிப் போய், நல்ல இடத்தையெல்லாம் முதலில் எடுத்துவிடும். குறிப்பெல்லாம் மேப் ஃபைல் என்ற ஒன்றில் இருக்கும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒன்று மட்டும் கவனம்: பென் டிரைவிலிருந்து ஓடும் உபுண்டுவில் ஹோம் ஃபோல்டர் ரேமில்தான் இருக்கிறது, அணைத்தால் போய்விடும். அதனால் மேப் ஃபைலைப் புது டிஸ்க்கிலேயே வைத்தேன். மூலம் எது, சேருமிடம் எது என்று டிஸ்க்கின் சீரியல் நம்பரை வைத்து இரண்டு முறை சரிபார்த்தேன். அதை மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

முதல் சுற்று 11 மணி நேரம். முடிவில் 214 எம்பி தவிர எல்லாம் வந்திருந்தது. மனசு லேசானது. ஆனால் அந்த 214 எம்பிக்கு மூன்று நாள் ஆனது. கெட்ட பகுதிகளின் ஓரத்தை முதலில் சீவி எடுக்கும், அப்புறம் செக்டர் செக்டராகச் சுரண்டும். சில சமயம் டிஸ்க் அப்படியே உறைந்து கணினியின் பார்வையிலிருந்தே மறைந்துவிடும். கழற்றி, டேபிள் ஃபேன் முன்னால் ஆறவைத்து, திரும்பச் செருகினால் வேறு பெயரில் வரும். அதனால் ஒவ்வொரு முறையும் சீரியல் நம்பர் பார்க்க வேண்டியிருந்தது. பின்னாலிருந்து முன்னால் படிக்கச் சொன்னபோது இன்னும் கொஞ்சம் கொடுத்தது. அப்பா தினமும் ராத்திரி ஊரிலிருந்து போன் செய்து, "ஆத்தா குரல் கெடச்சுச்சாப்பா?" என்று கேட்பார். "இன்னும் ஓடுதுப்பா" என்பேன். 38 எம்பி மிஞ்சியபோது, இரண்டு சுற்றாக எதுவும் வராததால் நிறுத்தினேன்.

இமேஜை டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளில் திறந்ததும் ஃபோல்டர்கள் பெயரோடு தெரிந்தன. 'அப்பத்தா' என்ற ஃபோல்டரும் இருந்தது. 23 ஃபைலும் இருந்தன.

ஆனால் ஃபைல் இருப்பதால் உள்ளே முழுசாக இருக்கிறது என்று ஆகாது. இதற்கு டிடிரெஸ்க்யூவிலேயே ஒரு வழி உண்டு. படிக்க முடியாத இடங்களில் மட்டும் நாம் கொடுக்கும் ஒரு சொல்லை இட்டு நிரப்பச் சொல்லலாம். அப்புறம் எந்தெந்த ஃபைலுக்குள் அந்தச் சொல் இருக்கிறது என்று தேடினால், அடிபட்டவை தெரிந்துவிடும். 61 ஃபைல்கள் வந்தன. பெரும்பாலும் கல்யாண ஃபோட்டோக்கள்; பாதிக்குக் கீழே சாம்பல் பட்டையாக இருந்தன. அப்பத்தாவுடையது ஒன்றுதான், நடவுப் பாட்டு. எம்பி3 சின்னச் சின்னத் துண்டுகளின் வரிசை என்பதால், நடுவில் அழிந்தாலும் மிச்சம் பாடும். 14 நிமிடத்தில் நான்கு விநாடி போயிருந்தது.

அந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போய் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விட்டுப்போன இடம் வந்தபோது எதுவும் சொல்லவில்லை. முடிந்ததும், பின்னால் கேட்கும் இருமல் தாத்தாவுடையது என்றார். பத்து வருடமாக எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், அது யார் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது ஒரு காப்பி என்னிடம், ஒன்று திருப்பூரில் அக்காவிடம், ஒன்று ஊரில் அப்பா டிவியில் செருகிக் கேட்கும் பென் டிரைவில். அடிபட்ட 61இல் தங்கை காதுகுத்து வீடியோ ஒன்று இன்னும் திறக்கவில்லை. அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்து அதைச் சரிசெய்யும் அன்ட்ரங்க் என்ற மென்பொருளில் முயன்றுகொண்டிருக்கிறேன்.