மொட்டைமாடியில் கேட்ட படங்கள்

என்னோடு பள்ளி ஹாஸ்டலில் இருந்தவர்களே, நம் ஹாஸ்டல் மொட்டைமாடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வள்ளியூர்ப் பக்கத்துக் காற்றையும்தான். ஆனி, ஆடியில் மேற்கே மலையிலிருந்து இறங்கும் காற்று, காயப்போட்ட சட்டையைப் பனங்காட்டுக்குள் கொண்டுபோய்ப் போடும். மேற்கே இருந்த டூரிங் கொட்டகையின் சத்தத்தை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்ததும் அதே காற்றுதான். எட்டு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பார்க்க வழியில்லை, கேட்டோம்.

வயலின் இழுத்தால் அம்மாவுக்குச் சீக்கு. டிரம் உருண்டால் வில்லனின் ஜீப். இதெல்லாம் ஒன்பதாம் வகுப்பிலேயே அத்துப்படி. பயம் வந்தது சத்தம் அடங்கும்போதுதான். யாரோ கதவுக்குப் பின்னால் நிற்கிறான் என்று அர்த்தம். (சில சமயம் அது வெறும் கரண்ட் கட்.)

1987-இல் வந்த 'பேசும் படம்' எங்கள் கொட்டகைக்குப் பிந்திதான் வந்தது. சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்தது, கமல் நடித்தது. வசனமே கிடையாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நடமாட்டம் கேட்கிறது, இசை கேட்கிறது, ஒருத்தரும் பேசக் காணோம். காற்றைத் திட்டினோம். நடுவில் திடீரென்று அடிதடி. "சண்டைலே!" என்று எழுந்து உட்கார்ந்தோம்.

சனிக்கிழமை ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். கதாநாயகன் குடியிருப்பது சினிமா தியேட்டரை ஒட்டிய ஓட்டை அறை. பெரிய ஹோட்டலுக்குப் போனதும் அந்த அமைதியில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. தியேட்டர் இரைச்சலை டேப்பில் பிடித்துவந்து ஓடவிட்டுத் தூங்குகிறான். நாங்கள் சண்டை என்று நினைத்தது அவனுக்குத் தாலாட்டு.

அப்புறம் ஆபரேட்டர் அண்ணாச்சியிடம் ஒட்டிக்கொண்டேன். ஒருநாள் சாவுக் காட்சியில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கதாநாயகி வாய் திறக்கும் முன்பே ஒப்பாரி வந்துவிட்டது. பிலிமை மாட்டும்போது லூப், அதாவது தளர்வாக விடும் வளைவு, பிசகியிருக்கிறது. அறுந்த துண்டு ஒன்றை விளக்கில் பிடித்துக் காட்டினார். படத்தின் ஓரத்தில் மயிர்க்கோடாக நடுங்கிக்கொண்டே போகிறதே, அதுதான் ஒலி. நொடிக்கு 24 பிரேம் ஓடும் பிலிமில், ஒரு காட்சிக்கான சத்தம் சுமார் 20 பிரேம் முன்னால் பதிந்திருக்குமாம். "படம் நின்னு நின்னு போவும்லே. சத்தம் நிக்காம ஓடணும். ரெண்டையும் ஒரே எடத்துல வச்சா எப்படி?" என்றார். பரீட்சையில் வராத இந்தப் பாடம் மட்டும் இன்னும் மறக்கவில்லை.

துபாயில் என் வீட்டு ஜன்னல் திறக்காது. போன ஆடியில் ஊருக்குப் போனபோது பனங்காட்டுக் காற்றை போனில் பத்து நிமிஷம் பதிந்து வந்தேன். ராத்திரி அதைப் போட்டுவிட்டுப் படுத்தால், "ஏசி ரிப்பேரா?" என்கிறாள் மனைவி. அவள் கும்பகோணத்துக்காரி.