சைக்கிள் ஹெல்மெற்: சோளகக் காலக் குறிப்புகள்

யூன் 3

இலங்கையில் தலைக்கவசச் சட்டம் மோட்டார் சைக்கிளுக்குத்தான். சைக்கிளுக்கு இல்லை, போடுவதும் விடுவதும் அவரவர் பாடு. அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலம் 1990 யூலை 1இல் கட்டாயமாக்கியது. நெதர்லாந்தில் அநேகமானோர் வெறுந்தலையோடுதான் ஓடுகிறார்கள். அங்கே சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். எங்கட யாழ்ப்பாணத்துக் கண்டி வீதியில் மினிபஸ், லான்ட்மாஸ்ரர், சைக்கிள் எல்லாம் ஒரே தாரில்.

யூன் 6

“மெல்லத்தானே ஓடுறன், எனக்கென்னத்துக்கு?” இந்தக் கதையில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. தலை நிலத்தில் குத்தும் வேகத்தைத் தருவது பெரும்பாலும் விழும் உயரம், மிதிக்கும் வேகம் அல்ல. ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது செக்கனுக்கு 5.4 மீற்றர், அதாவது மணிக்கு 19½ கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும். ஒழுங்கை முடக்கில், குறுமணலில் சில்லு வழுக்கினாலும் உயரம் அதேதான்.

ஐரோப்பியத் தரமான ஈஎன் 1078 சோதனையும் அந்த வேகத்தில்தான். மாதிரித் தலைக்கு ஹெல்மெற்றை மாட்டித் தட்டை இரும்பில் விழுத்துவார்கள். உள்ளே பதியும் அதிர்ச்சி புவியீர்ப்பின் 250 மடங்கைத் தாண்டக்கூடாது. அடியை வாங்குவது உள்ளே இருக்கும் றிஜிபோம் (பொலிஸ்ரைரீன் நுரை). வெளி ஓடு அதற்கு ஒரு போர்வை மாதிரி. போம் நசியும் அந்தச் சில மில்லிமீற்றர்தான் தலைக்குக் கிடைக்கும் அவகாசம். நசிந்தது திரும்ப எழும்பாது. ஆகவே ஒருமுறை பலமாக அடிபட்டால், வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றவேண்டியதுதான். பஸ் இடித்தால்? அதற்கென்று செய்த சாமான் இல்லை இது.

யூன் 7

மோட்டார் சைக்கிள் ஹெல்மெற் வீட்டில் கிடக்கிறதே, அதையே போட்டால் என்ன? பாதுகாப்பில் குறைவில்லை. ஆனால் முழுமுக ஹெல்மெற் ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். சைக்கிளுடையது 250 முதல் 350 கிராம். காதும் அடைபடும். மத்தியான வெய்யிலில் அரை மைல் மிதித்ததும் அது கூடைக்குள் போய்விடும்.

யூன் 11

அளவு. நாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்துத் தலையைச் சுற்றி எடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் 54–58 போன்ற எண் அந்தச் சுற்றளவுதான், சென்ரிமீற்றரில். போட்டபின் முன்விளிம்புக்கும் புருவத்துக்கும் இடையில் இரண்டு விரல். பலர் பின்னந்தலையில் தொப்பி மாதிரிச் சரித்துப் போடுகிறார்கள். குப்புற விழுந்தால் அடிபடுகிற நெற்றி திறந்தே கிடக்கிறது. வார்கள் இரண்டும் காதுமடலுக்குக் கீழே கவட்டுத்தடி மாதிரிச் சேரவேண்டும். நாடிக்குக் கீழே ஒரு விரல் நுழைந்தால் போதும். வாயை ஆவென்று திறந்து பாருங்கள்: உச்சியில் ஹெல்மெற் இழுபட்டால் சரி.

இரட்டைப் பின்னல் தொல்லை தராது. உச்சிக் கொண்டையும் பெரிய கிளிப்பும்தான் ஹெல்மெற்றைத் தூக்கி நிறுத்தும். கொண்டையைப் பிடரிக்கு இறக்குங்கள்.

யூன் 14

வியர்வையும் தேங்காய் எண்ணெயும் உள்மெத்தையில் ஊறும். மெத்தையைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவிட்டால் சரி. எண்ணெய்ப் பிசுக்குப் போக பெற்றோல், தின்னர் வேண்டவே வேண்டாம். றிஜிபோம் கரைந்துவிடும்.

யூன் 19

பொன்னாலைப் பாலத்தில் சோளகக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. ஒரு கையில் குடை, மறு கையில் ஹாண்டில் என்று காரைநகர் போகிறவருக்கு ஹெல்மெற்றைவிட முதலில் சொல்லவேண்டியது குடையை மடக்கச் சொல்லித்தான்.

ஹெல்மெற்றைக் கண்டால் சாரதிகள் நெருங்கி முந்துவார்கள் என்றும் ஒரு வாதம் இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக உளவியலாளர் இயன் வாக்கர் 2007இல் வெளியிட்ட அளவீட்டில் அந்த வித்தியாசம் சராசரியாக 8.5 சென்ரிமீற்றர். 2013இல் அதே தரவை மீளாய்ந்தவர்கள், ஆபத்தான அளவு நெருங்கி முந்துவதற்கும் ஹெல்மெற்றுக்கும் தொடர்பு காணவில்லை. கழற்றி வைக்க அது போதுமான காரணமாகத் தெரியவில்லை. இருட்டில் பின்விளக்கு இல்லாமல் ஓடுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

யூன் 24

வளர்ந்தவர் தன் தலைக்குத் தானே பொறுப்பு. ரியூசனுக்குப் போகும் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தத் தெரிவைத் தாய்தகப்பன்தான் செய்யவேண்டும். “வளருற பிள்ளைதானே” என்று பெரிய அளவு வாங்கவேண்டாம். ஆடுகிற ஹெல்மெற் விழும்போது சுழன்றுவிடும்.

சைக்கிளை விட்டு இறங்கியதும் கழற்றவும் பழக்குங்கள். ஹெல்மெற்றோடு மாமரத்தில் ஏறிக் கொப்புக்குள் தலை சிக்கினால் நாடிவார் கழுத்தை நெரிக்கும். கொக்கியைத் தானே கழற்றத் தெரிந்த பிறகுதான் பிள்ளையைத் தனியே அனுப்பலாம்.