மயக்க வாயுவும் மூளையின் ரத்த ஓட்டமும்: ஒரு பயிற்சி மருத்துவரின் நாட்குறிப்பு

ஜூன் 3

மூளைக் கட்டிகளுக்கான அறுவை அரங்கில் என் மயக்க மருத்துவப் பயிற்சி இன்று தொடங்கியது. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வின்போது உடல் செலவிடும் ஆக்சிஜனில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. அதற்காக 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் ரத்தம் இடைவிடாது பாய வேண்டும். மனித மூளையில் இந்த ஓட்டத்தை 1940களில் அளந்து காட்டிய கெட்டியும் ஷ்மிட்டும் அதற்குக் கையாண்டது நைட்ரஸ் ஆக்சைடு என்னும் மயக்க வாயுவையே என்பது எனக்கு இன்னும் வியப்பளிக்கிறது.

ஜூன் 5

மண்டையோட்டைத் திறந்தபின் மூளையுறை இறுகிப் புடைத்திருப்பதாக அறுவை மருத்துவர் கூறினார். மூளைக்குள் ரத்தம் கூடினால் மண்டைக்குள் அழுத்தமும் கூடும் என்பதால், மூச்சுவழி கொடுக்கும் மயக்க வாயுவான செவோஃப்ளூரேனைக் குறைத்து, புரோபோஃபால் என்னும் மயக்க மருந்தைச் சிரை வழியே தொடங்கினோம். வெளிமூச்சில் ஏறியிருந்த கார்பன் டை ஆக்சைடையும் இறக்கினோம். சில நிமிடங்களில் உறை தளர்ந்தது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 1 மில்லிமீட்டர் பாதரச அளவு உயர்ந்தாலே மூளை ரத்த ஓட்டம் 2 முதல் 4 விழுக்காடு கூடும் என்பதால், எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

ஜூன் 6

நேற்றைய நிகழ்வு மனத்தை விட்டு அகலவில்லை. செவோஃப்ளூரேனும் அதே வகை வாயுவான ஐசோஃப்ளூரேனும் நரம்பணுக்களின் வேலையைக் குறைத்து ஆக்சிஜன் தேவையைத் தாழ்த்துகின்றன. தேவை தாழ்ந்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கும். ஆனால் அதே வாயுக்கள் குழாய்ச் சுவரின் தசையை நேரடியாகத் தளர்த்தவும் செய்கின்றன. குறைந்த அளவில் முதல் விளைவு மேலோங்குவதால் ஓட்டம் சற்றுக் குறைகிறது அல்லது மாறாதிருக்கிறது. 1 மேக் அளவை, அதாவது கத்தி பட்டாலும் நோயாளிகளில் பாதிப்பேர் அசையாதிருக்கப் போதுமான வாயு அளவை, தாண்டிச் செல்லச் செல்லத் தளர்வின் கை ஓங்கி ஓட்டம் கூடுகிறது. பழைய மயக்க வாயுவான ஹாலோத்தேனில் இத்தளர்வு மிக அதிகம், செவோஃப்ளூரேனில் குறைவு.

ஓட்டத்துக்கும் தேவைக்குமான பிணைப்பு அறுந்துவிடுவதாகப் பலர் இதை விளக்குகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மயக்கத்திலும் அதிகம் உழைக்கும் பகுதிக்கே அதிக ரத்தம் செல்கிறது. மாறுவது விகிதம்தான்: அதே அளவு தேவைக்கு முன்பைவிடக் கூடுதல் ரத்தம் வருகிறது. புரோபோஃபால் அப்படியல்லாமல் இரண்டையும் சேர்த்தே தாழ்த்துகிறது.

ஜூன் 9

ஐசோஃப்ளூரேன் ஏறத்தாழ 2 மேக் அளவை எட்டும்போது மூளையின் மின்னலைகள் தட்டையாகிவிடுகின்றன. ஆக்சிஜன் தேவை பாதியளவுக்குக் குறைந்திருக்கும். அதற்குமேல் வாயுவைக் கூட்டினாலும் தேவை இறங்காது, ஏனெனில் எஞ்சியிருப்பது உயிரணுக்கள் உயிரோடிருப்பதற்கான செலவு. அதைக் குறைக்க உடலைக் குளிர்விக்கத்தான் வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடோ ஓட்டம், தேவை இரண்டையும் உயர்த்தக்கூடியது.

ஜூன் 10

நாளைய நோயாளிக்குக் கட்டி பெரியது. மண்டைக்குள் அழுத்தம் ஏற்கெனவே கூடியிருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடைத் தவிர்த்து, தொடக்கம் முதலே புரோபோஃபாலைக் கொண்டு மயக்கத்தைத் தொடரலாம் என்று என் மூத்த மருத்துவரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார், ரத்த அழுத்தம் சரியாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்.