மரகதப் பூவை மறுபடி செதுக்கியபோது

கீழக்கரைக்காரர்களுக்குக் கல் வியாபாரம் தலைமுறைத் தொழில். கொழும்பிலும் இரத்தினபுரியிலும் பேருவளையிலும் கல் வாங்கி விற்றுப் பழகிய குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. எனக்கு வருகிற வேலையில் பாதி அவர்களால்தான். நான் ராமநாதபுரத்தில் கல் செதுக்குகிற ஆசாரி. மோதிரக்கல்லுக்குப் பட்டை தீட்டுவது, உடைந்த கல்லைத் திருத்துவது, சின்னதாகப் பிள்ளையார் செதுக்குவது என்றுதான் நாட்கள் போகும்.

அப்படி ஒரு குடும்பத்திலிருந்து ஒரு பாய் போனை நீட்டினார். "தம்பி, இதே மாதிரி ஒண்ணு வேணும். பேத்தி நிக்காஹ்வுக்கு உம்மா கொடுக்க ஆசைப்படுறாங்க." படத்தில் இருந்தது, வாஷிங்டனில் ஹில்வுட் அருங்காட்சியகத்தில் இருக்கும் மரகத புரோச், அதாவது உடையில் குத்திக்கொள்ளும் நகை. மார்ஜோரி மெரிவெதர் போஸ்ட் என்ற பெரும் பணக்காரப் பெண்மணியுடையது. கார்ட்டியே என்ற நகை நிறுவனத்தின் லண்டன் கிளை 1923-இல் செய்து, நியூயார்க் கிளை 1928-இல் மாற்றியமைத்தது. பிளாட்டினமும் வைரமும் நகைக்கடை வேலை. அதிலிருக்கும் செதுக்கிய மரகதங்களோ இந்தியாவில் முகலாயர் பாணியில் பூவேலை செய்யப்பட்டவை. அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பாய் சொன்ன அந்த உம்மா அதைப் பார்த்திருக்கிறார்.

முகலாயர் காலத்து மரகதத்தின் கதையே பெரிது. பெரும்பாலான கற்கள் கொலம்பியாவின் சுரங்கங்களில் கிடைத்து, ஸ்பானியர், போர்த்துகீசியர் கைமாறி, கோவா வழியாக இங்கே வந்தவை. தென்னமெரிக்கக் கல்லில் நம் நாட்டுக் கைவினைஞர் பூ செதுக்க, அதை ஐரோப்பியர் வாங்கிப்போய்ப் பிளாட்டினத்தில் பதித்தார்கள். தோஹாவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் 217.80 காரட்டில் ஒரு செதுக்கிய மரகதம் இருக்கிறது. ஹிஜ்ரி 1107, அதாவது 1695-96 என்று கல்லிலேயே ஆண்டு வெட்டியிருக்கும். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் பூ. கத்தாரில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்; பார்க்க வேண்டிய பொருள்.

அவ்வளவு பெரிய கற்கள் யாருக்கும் கட்டுப்படியாகாது. நடுவில் ஒரே ஒரு செதுக்கிய மரகதம், சுற்றிலும் சின்ன வைரம் என்று முடிவானது. இலங்கையில் மாணிக்கமும் நீலமும் கிடைக்கிற மாதிரி மரகதம் கிடைக்காது. அதனால் பாய் ஜெய்ப்பூரில் சொல்லி ஜாம்பியா நாட்டுக் கல் ஒன்றை வரவழைத்தார். கொஞ்சம் நீலம் ஓடிய பச்சை. நல்ல கல்.

அப்புறம்தான் வேலையே. அருங்காட்சியகத்தின் படம் நேராக, பளிச்சென்று எடுத்தது. பூ எங்கே, இலை எங்கே என்று தெரியும். எவ்வளவு ஆழம் என்று தெரியாது. அந்த அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று போனைச் சாய்த்து எடுத்த படம் ஒன்று இருந்தது. பாதிப் படம் விளக்கின் பிரதிபலிப்பு. ஆனால் ஒரு ஓரத்தில் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்து, இதழ்களின் சரிவு தெளிவாகத் தெரிந்தது. விளிம்பில் ஆழமாக இறங்கி, நடுவை நோக்கி மெல்ல மேலேறுகிற வெட்டு. இப்போது மெஷினில் செதுக்கி வருகிற மலிவுக் கற்களில் எல்லாக் கோடும் ஒரே ஆழத்தில் ஓடும். பார்த்ததும் கண் வழுக்கிப் போய்விடும். பழைய கல்லில் கண் தங்குவதற்குக் காரணம் அந்தச் சரிவுதான் என்பது என் எண்ணம். அந்த ஒரு படத்தை வைத்துத்தான் முழு வேலையையும் செய்தேன்.

கல்லைத் தண்ணீரில் முக்கி, பின்னாலிருந்து விளக்கு வைத்து, லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, உள்ளே ஓடும் ஒவ்வொரு கீற்றையும், அதாவது மெல்லிய விரிசலையும், மேலே மையால் வரைந்தேன். கீற்று இல்லாத மரகதம் அபூர்வம். அசல் பூவின் படத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தால், மேலிதழ் ஒன்று நேராக ஒரு பெரிய கீற்றின் குறுக்கே விழுந்தது. அங்கே முனை இறங்கினால் இதழ் பெயர்ந்து வந்துவிடும். பாய்க்கு அசலில் உள்ளபடியே வேண்டும். நான் சொன்னேன்: "பாய், அந்தக் கல்லைச் செதுக்கியவர் அந்தக் கல்லோட கீற்றுக்கு ஏத்த மாதிரிதான் தண்டை வளைச்சிருப்பார். நம்ம கல்லுக்கு நாம வளைக்கணும்." அவரும் கல் பார்த்தே வளர்ந்தவர். மையால் வரைந்த கோடுகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, சரி என்றார். பூவைச் சற்றே இடப்பக்கம் திருப்பி, அந்தக் கீற்று தண்டின் ஓரத்தோடு போகும்படி வரைந்தேன். செதுக்கி முடித்தபின் அது கீற்றா நிழலா என்று எனக்கே உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

மரகதம் கடினமான கல்தான். கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் 7.5 முதல் 8 வரை. ஆனால் நொறுங்கும் குணம் உண்டு. அந்தக் காலத்தில் வில்லால் சுற்றும் சக்கரத்தில் வைரப்பொடியும் எண்ணெயும் வைத்து மெல்ல மெல்லத் தேய்த்தார்கள். என்னிடம் வைரமுனையும் மோட்டாரும் இருக்கின்றன. இருந்தும் வேகத்தை நன்றாகக் குறைத்து, தண்ணீர் சொட்டவிட்டே செதுக்கினேன். இதழின் குழிகளை மூங்கில் சீவலில் வைரப்பசை தொட்டு மெருகேற்றினேன். வேறு எதுவும் அந்த மூலைக்குள் நுழையாது.

எங்கள் பக்கத்தில் மரகதம் என்றாலே உத்திரகோசமங்கை நடராசர்தான். வருஷம் முழுக்கச் சந்தனக்காப்பில் இருப்பார். ஆருத்ரா தரிசனத்தை ஒட்டி மட்டும்தான் காப்பு களைந்து பார்க்க முடியும். மேள ஒலியின் அதிர்வுகூட மரகதத்துக்கு ஆகாது, அதனால்தான் சந்தனம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சின்ன வயதில் கேட்டுக்கொண்டு போய்விட்டேன். தொழிலுக்கு வந்தபின் முதலில் கற்றுக்கொடுத்த பாடங்களில் ஒன்று, நகை சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் மரகதத்தைப் போடவே கூடாது என்பது. அந்த அதிர்வு உள்ளே இருக்கும் கீற்றைப் பெரிதாக்கிவிடும், கீற்று தெரியாமலிருக்க அதில் நிரப்பிய எண்ணெயையும் வெளியேற்றிவிடும். கல்லைத் தெரிந்தவர்கள் சொல்லிவைத்த பேச்சு அது என்றுதான் நான் நம்புகிறேன்.

சட்டத்துக்கு 18 காரட் வெள்ளைத் தங்கம். வெள்ளி போட்டால் செலவு குறையும்தான், ஆனால் எங்கள் கடற்கரைக் காற்றில் சீக்கிரம் கறுத்துவிடும். கல்லைச் சுற்றி மெல்லிய விளிம்பு கட்டினோம்; கொக்கி வைத்தால் அதை நெருக்கும்போது மூலை தெறிக்கலாம், விளிம்பில் அந்த ஆபத்து குறைவு. பட்டுத்துணியில் கனம் தொங்கி முன்னால் கவிழக்கூடாது என்று பின்னால் இரட்டை ஊசி வைத்தோம்.

கடைசியில் ஒரு பேச்சு வந்தது. பின்பக்கம் பழைய ஆண்டு ஒன்றை வெட்டினால் அழகாக இருக்குமே என்று குடும்பத்தில் ஒருவர் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். நம் காலத்தில் நாம் செய்த பொருளுக்கு நம் ஆண்டுதான் இருக்க வேண்டும். நாளைக்கு அந்தப் பெண்ணின் பேத்தி கையில் அது போகும்போது, முகலாயர் காலத்துக் கல் என்று ஒருவர் நம்பி இன்னொருவருக்கு விற்றுவிடக்கூடாது. அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தவர், "கீழக்கரைன்னும் போடுப்பா" என்று மட்டும் சொன்னார். நிக்காஹ் ஆண்டும் ஊர்ப் பெயரும் வெட்டினேன். ரசீதில், ஜாம்பியா மரகதம், புதிதாகச் செதுக்கியது, கீற்றில் எண்ணெய் நிரப்பியது என்று எழுதினேன். அதன் கீழே, வெந்நீர் கூடாது, அல்ட்ராசோனிக் கூடாது, ஈரத்துணியால் மட்டும் துடைக்கவும் என்று பேத்திக்காகத் தனியே ஒரு வரி. பாய் வாசித்துவிட்டு, அந்த ரசீதையும் நகைப்பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்தார்.