நெத்திலிக்குக் கனம் வைத்த நாவல்

அத்தை தானாக வந்து "ஒண்ணுமில்லத்தா" என்று சொன்னால் என்னவோ இருக்கிறது. நேற்று ராம்நாட்டிலிருந்து பஸ்ஸில் கசங்கி வந்து இறங்குகிறேன், வாசலிலேயே "ஒண்ணுமில்லத்தா, காபி போடவா?" என்றாக. செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினேன்.

பழைய பாயில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. காக்காய்க்குப் பயந்து மேலே கிழிசல் வலை. வலையின் மூலைக்கு ஒன்றாக என் புத்தகங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் அத்தையைக் குறை சொல்லக்கூடாது. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில். நாட்டுப்படகு மீன் வரும்தான். விலையைக் கேட்டுவிட்டு முருங்கைக்காய் வாங்கி வரலாம். அப்படி இருக்கையில் கரைவலையில் நெத்திலி அள்ளிவிட்டதென்று யாரோ சொல்ல, அத்தை கூடையோடு கிளம்பிட்டாக. குழம்புக்கு வாங்கப் போனவுக கூடை நிறையக் கொண்டுவந்து, மிச்சத்தைக் காயப்போட்டுட்டாக.

காயப்போட்டால் கச்சான் காத்து விடுமா? பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது. எங்கள் மாடியில் அந்த ஏற்பாடு கிடையாது. போன வாரம் எங்க வீட்டுக்காரவுக கைலி கிளம்பிப்போய் அடுத்த தெருக் கொடியில் குடியேறியது. நெத்திலிக்குக் கனம் வேணும்.

செங்கல் வைக்கலாமே என்பீர்கள். செங்கலெல்லாம் அவுக புறாக்கூட்டுக்குப் போய்விட்டது. எட்டுப் புறாவுக்கு எண்பது செங்கல். நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கே இவ்வளவு பார்த்துப் பார்த்து அஸ்திவாரம் போடவில்லை. ஒருநாளாவது ஒரு புறா முட்டையிட்டு நான் பார்த்ததில்லை, அது வேறு கதை.

ஆக, அத்தை அலமாரியைத் திறந்திருக்காக. முதல் மூலைக்கு அகராதி. இரண்டாவதற்கு நான் ஆறு மாசமாகப் படித்துக்கொண்டிருக்கும் 700 பக்க நாவல். மூன்றாவதற்கு, கடவுளே, நூலகப் புத்தகம். நாலாவது மூலை காலி.

"இங்க என்ன வச்சீக?"

"ஒரு சின்ன புக்குத்தா. நிக்கவே இல்ல, பறந்துருச்சு."

கவிதைத் தொகுப்பு. சாயங்காலம் பக்கத்து வீட்டு மதினி கொண்டுவந்து கொடுத்தாக. "உங்க வீட்டு நோட்டு ஒண்ணு எங்க முருங்கையில தொங்குச்சு. பாதிப் பக்கத்துல எழுதவே இல்ல போல, பாப்பா கணக்குப் போட வச்சுக்கிறட்டுமா?"

அகராதிக்கு மட்டும் அத்தையின் பாராட்டு: "இது நல்ல புக்குத்தா. அசையல." புத்தக விமர்சனம் என்று எத்தனையோ படித்திருக்கிறேன், இவ்வளவு நறுக்கென்று ஒருத்தரும் எழுதியதில்லை.

ஏற்கெனவே இந்த உப்புக்காத்தில் புத்தகம் வைத்திருப்பதே ஒரு பிழைப்பு. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துப் பக்கத்தில் காவிக் கோடு இறங்கும். அட்டை அப்பளமாக வளையும். இப்போது வாடையும் சேர்ந்தாச்சு. நூலகப் புத்தகத்தைத் துடைத்தேன், பவுடர் போட்டேன், வெயிலில் விரித்தேன். பவுடர் போட்ட நெத்திலி வாசம் வந்ததுதான் மிச்சம். தெருப்பூனை ஒன்று அலமாரிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது. எங்கள் வீட்டில் என்னைத் தவிர புத்தகத்துக்காகக் காத்திருக்கும் ஒரே ஜீவன்.

ராத்திரி கோபத்தோடுதான் நாவலைத் திறந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் கட்டம். அழவேண்டிய இடம். எனக்கோ வயிறு கிள்ளுகிறது. பக்கத்தைத் திருப்பத் திருப்பப் பசி ஏறுகிறது. பதினொரு மணிக்கு எழுந்து அடுப்படிக்குப் போனால் அங்கே வெளிச்சம். அத்தை அரைக்காய்ச்சல் நெத்திலியை வறுத்து, பழைய சோற்றைப் பிழிந்து வைத்திருக்காக. இரண்டு தட்டு.

"ஒனக்கும் பசிக்கும்னு தெரியும். ஒக்காரு."

கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் தின்றோம். பிறகு கேட்டாக: "ஏத்தா, அம்புட்டுக் கனமான புக்குல அப்படி என்னதான் எழுதிருக்கு?"

அந்தக் கடற்கரைக் கட்டத்தைச் சொன்னேன். அத்தை கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு கேட்டாக. "பிள்ளை எப்படிப் போச்சு? நடுவுல ஆரம்பிக்காத. மொதல்லேருந்து சொல்லு."

நெத்திலி தீர்ந்துவிட்டது, கதை நாற்பதாவது பக்கத்தைத் தாண்டவில்லை. மிச்சத்தை வெங்காயம் உரிக்கையில் சொல்லவேண்டுமாம்.

இன்று காலை பார்த்தேன், நெத்திலி வலையின் மூலையில் அகராதி இருக்கிறது, நாவல் இருந்த இடத்தில் ஆட்டுக்கல் குழவி. புறாக்கூட்டிலிருந்து ஒரு செங்கல்கூட இன்னும் வரவில்லை.