புரட்டாசியில் பாலி

கல்யாண போட்டோகிராபருக்கு ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் வேலை கிடையாது. கேமராவுக்கு ஓய்வு, அதை வாங்கிய லோனுக்குத்தான் ஓய்வில்லை. 2024 புரட்டாசியில், சரி போகட்டும் என்று கையிலிருந்த காசைப் போட்டு பாலிக்குப் போனேன். செப்டம்பர் 25, புதன்கிழமை, அங்குள்ள இந்துக்களுக்குக் கலுங்கன் பண்டிகை. அவர்களுடைய பாவுகோன் நாட்காட்டியில் ஒரு சுற்று 210 நாள்தான், அதனால் பிப்ரவரி 28 அன்று வந்த கலுங்கன் அதே வருஷத்தில் இரண்டாம் முறையாக வந்திருந்தது.

உபுத் பக்கம் ஒரு வீட்டில் தங்கினேன். முந்தின நாளே தெரு முழுக்க வாசலுக்கு வாசல் பெஞ்சோர் நட்டுவிட்டார்கள். நுனி வளைந்து தொங்கும் நெட்டை மூங்கில், அதில் தென்னங்குருத்துத் தோரணம், நெற்கதிர், தேங்காய். அன்று மட்டும் நானூறு படம் எடுத்திருப்பேன், இப்போது பார்த்தால் எல்லாம் ஒரே படம்.

மறுநாள் கோயிலுக்குப் போகும் முன் வீட்டுக்காரர் எனக்கு காமென் வேட்டியைச் சுற்றி, இடுப்பில் துண்டைக் கட்டி, தலையில் உடெங் என்கிற தலைப்பாகையை வைத்துவிட்டார். உள்ளே பழங்களைக் கோபுரமாக அடுக்கிய கெபோகானைத் தலையில் சுமந்தபடி பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். மேலிருந்து எடுத்தால் நன்றாக இருக்குமே என்று, மண்டபத்தில் நாற்காலி மேல் ஏறுகிற பழக்கத்தில், பக்கத்திலிருந்த ஒரு திட்டில் ஏறிவிட்டேன். நம் ஊரில் நான் கை காட்டினால் தாலி கட்டுவதே அரை நிமிஷம் நிற்கும், ஐயரே திரும்பி கேமராவைப் பார்ப்பார், அந்தத் திமிர்தான். யாரோ என் கெண்டைக்காலைத் தட்டினார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி கட்டிய பெச்சாலாங், அதாவது ஊர்க்காவல்காரர். சிரித்துக்கொண்டே கையைக் கீழே காட்டினார். திரும்பிப் பார்த்தால் பெமாங்கு, பூசாரி, உட்கார்ந்து மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், என் கால் அவர் தலைக்கு மேலே இருக்கிறது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்புறம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஃபிளாஷ் இல்லை, ஷட்டர் சத்தம் இல்லை, 35 எம்எம் லென்ஸ் ஒன்றுதான். எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்ததால் வெயிலில் சட்டையெல்லாம் வெளுத்துப்போகாமலிருக்க எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்துக்கொண்டேன். விரல் நுனியில் பூவை வைத்து நெற்றிக்கு மேலே கூப்பிய கைகள், அவற்றுக்கு நடுவே ஊதுபத்திப் புகை. கடைசியில் தீர்த்தம் தெளித்தார்கள், அவர்களும் அதை திர்த்தா என்றுதான் சொல்கிறார்கள், பிறகு ஈர அரிசியை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள். யாரும் எனக்காக ஒரு நொடிகூட நிற்கவில்லை, இருந்தும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் உருப்படியாகச் சில படங்கள் கிடைத்தன.

பயணத்தில் எனக்குப் பிடித்த படம் வேறு. காலை ஆறு மணி, வீட்டுக்காரம்மா திண்ணையில் உட்கார்ந்து சானாங், அதாவது சாமிக்கு வைக்கும் சின்னப் படையல் தட்டு, செய்துகொண்டிருந்தார். குருத்தோலையைக் கிழித்து மடித்து மூங்கில் ஈர்க்கால் குத்துவதுதான் பழைய முறை. அவர் கையில் ஆபீஸ் ஸ்டேப்ளர், டக் டக்கென்று அடித்துக்கொண்டே போகிறார். கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே கருநீலம், மேலே ஒரு பிஸ்கட். வாசலில் ஒன்று, அடுப்பங்கரையில் ஒன்று, ஸ்கூட்டர் மேலேயும் ஒன்று. வாசலில் வைத்த பிஸ்கட்டைக் கோழி கொத்திக்கொண்டு போனது, நான் விரட்டப் போனேன், அவர் சிரித்தார். பத்திப் புகை போய்ச் சேர்ந்துவிட்டதாம், அதற்கப்புறம் கோழி தின்றால் என்ன! அதுவரை ஸ்கூட்டர், பிளாஸ்டிக் வாளி, செல்போன் எதுவும் தெரியாதபடி ஒதுக்கி ஒதுக்கித்தான் ஃபிரேம் வைத்துக்கொண்டிருந்தேன், பாரம்பரியம் என்றால் அப்படித்தான் என்று நானே முடிவு செய்ததுபோல. அந்தப் படத்தில் ஸ்டேப்ளர் நட்டநடுவில் இருக்கிறது.

கிளம்புகிற அன்று அந்தம்மா ஒரே ஒரு படம் கேட்டார். வீட்டு பெஞ்சோருக்கு முன்னால் குடும்பத்தையே உயர வரிசைப்படி அவரே நிறுத்தினார், ஸ்கூட்டரையும் துடைத்து நடுவில் வைத்தார், எல்லோரும் விறைப்பாக நின்றார்கள். "எல்லாரும் இங்க பாருங்க" என்று வாயில் தமிழிலேயே வந்துவிட்டது. பார்த்தார்கள்.